டெக்சஸில் ஃபால் கலர் படமெடுக்க எப்போது போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்தால் போதும், வெளியே இன்னும் 95 டிகிரி ஃபாரன்ஹீட் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே, இலையுதிர்காலத்தில் மரங்கள் நிறம் மாறும் ஃபால் கலரைப் பார்க்க "இந்த வருஷம் எப்போ போகலாம்?" என்று வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆஸ்டின், சான் அன்டோனியோ, ஹூஸ்டன், டாலஸ் என்று கேட்பவரின் ஊர்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். பெரும்பகுதி லாஸ்ட் மேப்பிள்ஸ் பூங்காவைப் பற்றியது, மற்ற இடங்கள் நடுநடுவே வரும்.

டெக்சஸ்ல ஃபால் கலரா? சும்மா சொல்லாதீங்க.

இருக்கிறது. ஆனால் வெர்மான்ட் காலண்டர் படங்களில் பார்ப்பதுபோல மலை முழுக்கச் சிவப்பாக இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். இங்கே மலைச்சரிவை மூடியிருப்பது பெரும்பாலும் ஜூனிபரும் (ஊர்க்காரர்கள் அதை சீடர் என்பார்கள்) லைவ் ஓக்கும். இரண்டும் நவம்பரிலும் பச்சையாகத்தான் நிற்கும். நிறம் மாறும் மரங்கள் கீழே, ஓடையை ஒட்டிய பள்ளத்தாக்குகளில் கூட்டம் கூட்டமாக ஒளிந்திருக்கும். தேடிப் போய்ப் பார்க்க வேண்டிய நிறம் இது, ஹைவேயில் காரை ஓட்டிக்கொண்டே பார்க்கிற நிறம் அல்ல.

பெயர் பெற்ற இடம் லாஸ்ட் மேப்பிள்ஸ். சான் அன்டோனியோவிலிருந்து வடமேற்கே இரண்டு மணி நேரம், வாண்டர்பூல் என்ற குட்டி ஊருக்கு ஐந்து மைல் வடக்கே, சபினால் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1979-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இங்கிருப்பது உவால்டி பிக்டூத் மேப்பிள் என்ற வகை. பனியுகக் காலத்தில் இந்தப் பகுதி குளிர்ச்சியாக இருந்தபோது பரவியிருந்த மரம், பிறகு வெப்பம் ஏற ஏற பல இடங்களில் அழிந்து, சுடுகாற்று எட்டாத இந்தச் சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்குகள் போன்ற சில இடங்களில் மட்டும் தங்கிவிட்டது. இவ்வளவு தெற்கே இப்படி ஒரு மேப்பிள் கூட்டம் இருப்பதே அதிசயம்தான்.

எந்த வாரம் போகணும்? ஒரே ஒரு தேதி சொல்லுங்க போதும்.

பூங்கா நிர்வாகம் பொதுவாகச் சொல்வது அக்டோபரின் கடைசி இரண்டு வாரமும் நவம்பரின் முதல் இரண்டு வாரமும். ஆக மொத்தம் நான்கு வாரம். அதில் நன்றாக இருக்கும் நாட்கள் எவை என்பது வருடத்துக்கு வருடம் மாறும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாளைச் சொல் என்றால் நவம்பர் முதல் வாரத்தில் ஏதாவது ஒரு வார நாள் என்பேன். அது உத்தரவாதம் இல்லை, கைக்கு வந்த சீட்டுகளில் நல்ல சீட்டு, அவ்வளவுதான்.

குற்றாலம் சீசனுக்குப் போகிறவர்கள் யாரும் ஆறு மாதம் முன்னாலேயே தேதி குறிப்பதில்லை, "சாரல் விழுதா, அருவியில தண்ணி வருதா" என்று தென்காசிப் பக்கம் யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். இரண்டு வார இறுதிகளை, அல்லது லீவு போட முடியுமானால் இரண்டு வார நாட்களை, காலியாக வைத்துக்கொண்டு கடைசி வாரத்தில் முடிவு செய்யுங்கள்.

வடக்கு மாநிலங்கள்ல ஏறக்குறைய ஒரே தேதிக்கு வருதே, இங்க மட்டும் ஏன் இப்படி ஆட்டம் காட்டுது?

பகல் நீளம் குறையக் குறைய மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்துச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை போனதும், ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை. இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து அந்தச் சமயத்தில்தான் புதிதாக உண்டாகிறது. அதற்குப் பகலில் நல்ல வெயிலும், இரவில் உறையாத அளவுக்குக் குளிரும் வேண்டும்.

பகல் நீளம் எல்லா வருடமும் ஒன்றுதான், குளிர்தான் பிரச்சினை. வடக்கே செப்டம்பரிலேயே குளிர் தவறாமல் வந்துவிடும். டெக்சஸில் அக்டோபர் நடுவில்கூட 90 டிகிரி அடிக்கும், அடுத்த நாளே ஒரு வாடைக்காற்று இறங்கி 30 டிகிரி குறைந்துவிடும், நான்கு நாளில் மறுபடி புழுக்கம். இந்த ஏற்ற இறக்கம் எப்போது அடங்குகிறதோ அதைப் பொறுத்துத்தான் நிறம். அதனால்தான் ஒரு வருடம் தீயாக எரிந்த அதே மரம் அடுத்த வருடம் வெளிறிய மஞ்சளோடு முடித்துக்கொள்கிறது.

ஆகஸ்ட், செப்டம்பர்லயே இந்த வருஷம் எப்படின்னு கணிக்க முடியுமா?

தேதியைக் கணிக்க முடியாது, தரத்தை ஓரளவு ஊகிக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது கோடை மழை. வசந்தத்திலும் கோடையிலும் ஓரளவு மழை பெய்து ஓடையில் தண்ணீர் ஓடினால் இலைகள் கடைசிவரை மரத்தில் தாக்குப்பிடிக்கும். வறட்சி வருடத்தில் மரம் தண்ணீரை மிச்சம் பிடிக்க இலைகளை முன்கூட்டியே உதிர்த்துவிடும், அல்லது ஓரங்கள் கருகி, பச்சையிலிருந்து நேராகப் பழுப்புக்குப் போய்விடும். 2011 போன்ற கடும் வறட்சி வந்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

அடுத்தது அக்டோபர் தொடக்கத்திலிருந்து இரவு வெப்பநிலை. சான் அன்டோனியோவின் வெப்பநிலையைப் பார்த்துப் பயனில்லை. பூங்கா சுமார் 1,800 அடி உயரத்தில், பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது, இரவில் நகரத்தைவிடக் குளிரும். வாண்டர்பூல் என்று போட்டுப் பாருங்கள். தொடர்ந்து சில இரவுகள் 40-களில் இறங்கி, பகலில் வானம் தெளிவாக இருந்தால் பையைத் தயார் செய்யலாம்.

பூங்கா ரிப்போர்ட்டை நம்பலாமா, இன்ஸ்டாகிராமை நம்பலாமா?

ரிப்போர்ட்டை. சீசனில் பூங்கா ஊழியர்களே நிறம் எந்த அளவில் இருக்கிறது என்று அவ்வப்போது எழுதிப் படமும் போடுவார்கள். அதில் எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்காமல், எந்தப் பாதையில் மாறியிருக்கிறது, இலை உதிர ஆரம்பித்துவிட்டதா, காற்று அடித்ததா என்பதைப் படியுங்கள். "இன்னும் பச்சை அதிகம், ஆனால் சில மரங்கள் நன்றாக வந்திருக்கின்றன" என்று எழுதியிருந்தால் படமெடுப்பவருக்கு அதுதான் கிளம்ப வேண்டிய நேரம். "பீக்" என்று அறிவித்த பிறகு வரும் சனிக்கிழமை பாதி சான் அன்டோனியோ அங்கேதான் இருக்கும்.

இன்ஸ்டாகிராமில் போன வருடப் படத்தை "இன்றைக்கு எடுத்தது" என்கிற தோரணையில் போடுகிறவர்கள் ஏராளம். நிறத்தை ஏற்றிவிடுவது வேறு கதை. படத்தில் ஜூனிபர் பச்சை இயல்பாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அதுவே நியான் கலரில் மின்னினால் மேப்பிளின் சிவப்பையும் நம்ப வேண்டாம்.

தேதியே தெரியாம டே பாஸ், ஹோட்டல் எல்லாம் எப்படி புக் பண்றது?

இதுதான் உண்மையிலேயே சிக்கலான பகுதி. டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் டே பாஸை (ஒரு நாள் நுழைவுச் சீட்டு) ஒரு மாதம் முன்பாகவும், கேம்ப்சைட்டை ஐந்து மாதம் முன்பாகவும் ரிசர்வ் செய்யலாம். சீசன் சனி, ஞாயிறுகளுக்குப் பாஸ் சீக்கிரமே தீர்ந்துவிடும், அதாவது வானிலை என்னவென்று தெரிவதற்குள். வருடச் சந்தா பாஸ் வைத்திருப்பவர்களுக்கு நுழைவுக் கட்டணம்தான் இல்லை, அன்றைய இடத்தை அவர்களும் ரிசர்வ் செய்துதான் ஆக வேண்டும். பலர் இதைத் தெரியாமல் கேட் வரை போய்விடுகிறார்கள்.

வழி இரண்டு. வார நாளில் போங்கள், செவ்வாயோ புதனோ என்றால் கடைசி நிமிடத்திலும் கிடைக்க வாய்ப்பு அதிகம். வார இறுதியில்தான் முடியும் என்றால் அடுத்தடுத்த இரண்டு வாரத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டு, போகாத நாளை மறக்காமல் ரத்து செய்யுங்கள். அதேபோல யாரோ ரத்து செய்த இடம் உங்களுக்கும் கிடைக்கும், முந்தைய இரண்டு மூன்று நாட்கள் தளத்தைத் திறந்து திறந்து பாருங்கள்.

தங்க வாண்டர்பூல், லீக்கி, யூடோப்பியா பக்கம் இருப்பவை பெரும்பாலும் கேபின்கள். முன்பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள். இன்னொன்று, மான் வேட்டை சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது, வேட்டைக்காரர்கள் அறைகளை எல்லாம் எடுத்துக்கொள்வார்கள். எனக்குக் கேட்டால் ஒரு மணி நேரம் தள்ளி கெர்வில்லில் கடைசி நேரத்தில் ஒரு சாதாரண ஹோட்டலைப் பிடிப்பதே மேல்.

ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாமா?

சான் அன்டோனியோவிலிருந்து தாராளமாக. ஆஸ்டினிலிருந்து ஒரு வழிக்கு மூன்று மணி நேரம், விடியற்காலையில் கிளம்பினால் முடியும். ஹூஸ்டன், டாலஸ் ஆட்கள் தயவுசெய்து ஒரு இரவு தங்குங்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் போய், மதிய வெயிலில் படமெடுத்துவிட்டு, மறுபடி ஐந்து மணி நேரம் ஓட்டுவதற்கு வீட்டிலேயே இருக்கலாம்.

பெட்ரோலை கெர்வில்லிலோ பண்டேராவிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காப் பக்கம் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. மேப்பையும் டே பாஸையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சாப்பாட்டுக் கடை கிடையாது, புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகிற நம் வழக்கம் இங்கே ரொம்ப உதவும்.

அம்மா அப்பா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க, முட்டி வலி. அவங்களால பார்க்க முடியுமா?

முடியும். மேப்பிள் டிரெயில் என்ற குட்டிப் பாதை இருக்கிறது, அரை மைலுக்கும் குறைவு, மேப்பிள்கள் அடர்ந்த இடம். அங்கங்கே கல்லும் மேடும் உண்டு என்பதால் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போங்கள். அதுவும் முடியாதென்றால் பாதை தொடங்கும் பார்க்கிங் பக்கமே சில மரங்கள் இருக்கின்றன, ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோனால் ஆற்றோரமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

ஈஸ்ட் டிரெயில் முழுச் சுற்று நாலரை மைலுக்குச் சற்று மேல், நடுவில் செங்குத்தான, கல் உருளும் ஏற்றம். வயதானவர்களையும் சின்னக் குழந்தைகளையும் அதற்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். ஆனால் அதன் ஆரம்பப் பகுதி, தண்ணீர் சொட்டி பெரணி முளைத்திருக்கும் குகை மாதிரியான பாறை வரை, தரைமட்டத்தில்தான் போகிறது, நல்ல படங்களும் அந்தப் பகுதியில்தான். உச்சிக்கு ஏறினால் கிடைப்பது பெரும்பாலும் ஜூனிபர் காட்சி.

காலைல சீக்கிரம் போகணுமா, சாயங்காலமா?

சீக்கிரம் போங்கள், ஆனால் வெளிச்சத்துக்காக அல்ல, பார்க்கிங்குக்காக. பள்ளத்தாக்கு என்பதால் சூரியன் உதித்து வெகு நேரம் கழித்துத்தான் ஓடைக்கு வெயில் இறங்கும், மாலையிலும் முன்கூட்டியே நிழல் விழுந்துவிடும். அந்த நிழல் நேரம் வீண் என்று நினைக்காதீர்கள். நேர் வெயில் இல்லாதபோது இலைகளின் நிறம் கனமாகத் தெரியும், தண்ணீரில் பிரதிபலிப்பும் சுத்தமாக இருக்கும்.

வெயில் சரிவைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கும் நேரம் வேறு வகை. அப்போது பாதையை விட்டு இறங்காமலேயே, சூரியன் இலைக்குப் பின்னால் இருக்கும்படி நின்று பாருங்கள், ஒரே ஒரு கிளை போதும், விளக்கேற்றியதுபோல் ஒளிரும். பின்னால் நிழலில் கிடக்கும் பாறையைப் பின்னணியாக வைத்தால் வேறெதுவும் தேவையில்லை. மேகமூட்டமான நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம், நாள் முழுவதும் எடுக்கலாம், வானத்தை மட்டும் ஃபிரேமுக்குள் விடாதீர்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. அதற்குப் பிறகு ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்து "சாயங்கால லைட்டுல எடுக்கலாம்" என்று திட்டமிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

போன் போதுமா? கேமரான்னா என்ன செட்டிங்?

போன் போதும், இரண்டு விஷயம் கவனித்தால். ஒன்று, சிவப்பும் ஆரஞ்சும் வெயிலில் சீக்கிரம் வெளுத்து, நரம்புகளே தெரியாத பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும், வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுங்கள். இரண்டு, ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் வசதி) அந்தக் கதகதப்பான நிறத்தைக் கண்டு "இது தப்பு" என்று நீலத்தைச் சேர்க்கப் பார்க்கும். டேலைட் அல்லது கிளவுடி என்று நிறுத்தி வையுங்கள், அல்லது ரா ஃபைலாக எடுத்து வீட்டில் சரிசெய்யுங்கள்.

கேமரா வைத்திருந்தால் போலரைசர் ஃபில்டர் ஒன்று கட்டாயம். இலையின் மேல் படியும் பளபளப்பையும் தண்ணீரின் மினுமினுப்பையும் அது வெட்டிவிடும். இப்படி நிறத்தைத் திறந்துகாட்டுவதை எந்த சாஃப்ட்வேராலும் பிறகு செய்ய முடியாது. வைட் லென்ஸைவிட 70-200 போன்ற லென்ஸ்தான் இந்த இடத்துக்குப் பொருந்தும். முதல் பதிலில் சொன்னேனே, நிறம் இங்கே திட்டுத்திட்டாகத்தான் இருக்கும் என்று. அந்தத் திட்டை மட்டும் வெட்டி எடுக்க நீளமான லென்ஸ் வேண்டும். டிரைபாட் நிழலில் உதவும், ஆனால் பாதையை அடைத்து விரித்து வைக்காதீர்கள்.

பாதி மரம் பச்சையா இருக்கு, இன்னும் ஒரு வாரம் காத்திருக்கவா?

வேண்டாம், போங்கள். எல்லா மரமும் ஒன்றாகச் சிவந்து நிற்கும் நாள் என்று ஒன்று இங்கே கிட்டத்தட்டக் கிடையாது. வெயில் படும் மரம் முன்னால், சிவப்பாக மாறும். நிழலில் நிற்பது பின்னால், மஞ்சளாக. ஒரே மரத்தின் உச்சிக் கிளையும் அடிக்கிளையும்கூட வேறு வேறு நாளில் மாறும். எல்லாம் மாறட்டும் என்று காத்திருந்தால் முதலில் மாறிய அழகான மரங்கள் மொட்டையாகிவிடும்.

அதோடு, பச்சைக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் சிவப்பு எடுபடுகிறது. என் கணிப்பில் பாதி மாறிய வாரம்தான் படத்துக்கு நல்ல வாரம், கூட்டமும் குறைவு.

சேலையில போட்டோஷூட் பண்ணலாம்னு இருக்கோம், ஏதாவது டிப்ஸ்?

மாம்பழ மஞ்சள், அரக்கு, ஆரஞ்சு எல்லாம் வேண்டாம், இலையோடு கலந்து முகம் மட்டும் தனியாக மிதக்கும். மயில்கழுத்து நிறம், கரும்பச்சை, ஆழ்ந்த நீலம், இல்லையென்றால் கேரளச் சேலை மாதிரி வெளிர் நிறம் பிரமாதமாக வரும். ஹீல்ஸ் கூடவே கூடாது, பாதை முழுக்கக் கல். ஷூவில் நடந்துவிட்டு, படத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், சேலை எப்படியும் காலை மறைத்துவிடும்.

குடும்பத்தோடு நீங்களே எடுத்துக்கொள்வதற்குத் தடையில்லை. சம்பளத்துக்கு போட்டோகிராஃபர் அழைத்துப் போவதானால் பூங்கா அனுமதி தேவைப்படலாம், முன்பே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கிளையை உலுக்கி இலையைக் கொட்ட வைப்பது, கிளை ஒடிப்பது, இலை பொறுக்கி வீட்டுக்கு எடுத்துப்போவது எல்லாம் கூடாது. பாதையை விட்டு மரத்தடிக்குப் போய் நிற்பதும் தப்பு. இந்த மேப்பிள்களின் வேர் மேலோட்டமாக ஓடுவது, ஆயிரக்கணக்கான பேர் மிதித்தால் மண் இறுகி மரம் செத்துவிடும். பார்க்கிங் இடத்தைக் குறைவாக வைத்திருப்பதற்கும் அது ஒரு காரணம்.

குளிர் நல்லதுன்னா, ஃப்ரீஸ் வந்தா இன்னும் நல்லதுதானே?

இல்லை, நேர் எதிர். குளிரும் உறைபனியும் வேறு வேறு. 32 டிகிரிக்குக் கீழே நன்றாக இறங்கினால் இலையின் உயிரணுக்கள் செத்து, நிறம் உண்டாகும் வேலை அங்கேயே நின்றுவிடும், இரண்டு மூன்று நாளில் எல்லாம் காபிப்பொடி நிறம். லேசாக ஓரிரவு தொட்டுவிட்டுப் போனால் பெரிய சேதமில்லை.

உறைபனியைவிட அடிக்கடி ஆப்பு வைப்பது காற்று. வாடையோடு மழையும் பலத்த காற்றும் வந்தால் ஒரே ராத்திரியில் பாதி இலை தரைக்கு வந்துவிடும். நிறம் ஏற்கெனவே நன்றாக வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை இரவு கோல்ட் ஃப்ரண்ட் என்று வானிலை சொல்கிறது என்றால் சனிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள், வியாழக்கிழமையே லீவு சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

போய்ப் பார்த்தா எல்லாம் கொட்டிடுச்சு. அவ்வளவுதானா?

மரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பாருங்கள். உதிர்ந்த இரண்டு மூன்று நாளுக்கு இலைகளில் நிறம் இருக்கும், ஓடைத் தண்ணீரில் மிதப்பவையும், வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் ஒட்டியிருப்பவையும் மரத்தைவிட நல்ல படமாக வருவதுண்டு. ஓடையோரச் சைகமோர் மரங்களின் உரிந்த வெள்ளைப் பட்டையையும் விடாதீர்கள். மேப்பிள் முடிந்த பிறகு டெக்சஸ் ரெட் ஓக் சிவக்க ஆரம்பிக்கும், பள்ளத்தாக்கு காலியானாலும் சரிவில் அங்கங்கே அது நிற்கும்.

எங்களுக்கு தேங்க்ஸ்கிவிங்லதான் லீவு. அப்போ எங்க போறது?

தேங்க்ஸ்கிவிங் நவம்பர் நான்காம் வியாழன், லாஸ்ட் மேப்பிள்ஸ் அப்போது பெரும்பாலும் முடிந்திருக்கும், வேறு பக்கம் பாருங்கள். கிழக்கு டெக்சஸில், லூசியானா எல்லையிலுள்ள கேடோ ஏரியில் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் சைப்ரஸ் மரங்கள் நவம்பர் நடுவிலிருந்து துருப்பிடித்த செம்பு நிறத்துக்கு மாறும். கிளைகளில் தாடி தாடியாக ஸ்பானிஷ் மாஸ் என்ற செடி தொங்க, காலை மூடுபனியில் படகில் போய் எடுத்தால், என் கருத்தில் மேப்பிளைவிட இதுதான் டெக்சஸின் சொந்த முகம். தேங்க்ஸ்கிவிங் வாரத்துக்குள் ஓரளவு உதிர்ந்திருக்கலாம், அந்த மொட்டை மரங்களும் மூடுபனிக்குப் பொருத்தம்தான். அதே பக்கத்தில் டேங்கர்ஃபீல்ட் பூங்காவில் ஸ்வீட்கம் மரங்கள் சின்ன ஏரியைச் சுற்றி நிற்கின்றன.

எங்கேயும் போக முடியாதா? டாலஸ், ஆஸ்டின் குடியிருப்புத் தெருக்களில் நட்டிருக்கும் ரெட் ஓக்கும் சைனீஸ் பிஸ்டாஷும் நவம்பர் பின்பாதியில்தான் நிறம் காட்டும். ஹூஸ்டனில் டாலோ மரங்கள் இன்னும் தாமதம். அது வெளியிலிருந்து வந்து பரவிய ஆக்கிரமிப்பு மரம் என்பதால் வீட்டில் நட்டுவிடாதீர்கள், படம் எடுப்பதோடு சரி.

லாஸ்ட் மேப்பிள்ஸா, மெக்கிட்ரிக் கேன்யனா? ரெண்டுல ஒண்ணுன்னா?

மெக்கிட்ரிக் கேன்யன் மேற்கு டெக்சஸில் குவாடலூப் மலைத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, அங்கேயும் பிக்டூத் மேப்பிள்தான். பாலைவனத்துக்கு நடுவில், உயரமான பாறைச் சுவர்களுக்குள் சிவப்பு, காட்சி என்று பார்த்தால் அதுதான் பெரிது. உயரமும் அதிகம் என்பதால் குளிர் சற்று நம்பகமாக வரும், அக்டோபர் கடைசி வாரமும் நவம்பர் முதல் வாரமும் பொதுவாக நல்ல நேரம்.

ஆனால் எல் பாஸோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் என்றால், ஆஸ்டின், டாலஸிலிருந்து ஒரு முழு நாள் ஓட்ட வேண்டும். தங்குமிடம் அருகில் கிடையாது. பள்ளத்தாக்கின் கேட்டைக் காலையில் திறந்து சாயங்காலம் பூட்டிவிடுவார்கள், விடியல், அந்தி வெளிச்சம் எல்லாம் கனவு. மேப்பிள்களைப் பார்க்க இரண்டரை மைலாவது உள்ளே நடக்க வேண்டும், பிராட் கேபின் என்ற பழைய கல் வீட்டைத் தாண்டினால்தான் அடர்த்தி. ஓடைத் தண்ணீரில் கால் வைக்க அனுமதியில்லை. கடிகாரமும் அங்கே ஒரு மணி நேரம் பின்னால். நன்றாக நடக்கக்கூடியவர், மூன்று நாள் லீவு உண்டு என்றால் மெக்கிட்ரிக், குடும்பத்தோடு என்றால் லாஸ்ட் மேப்பிள்ஸ்.

இவ்வளவு கஷ்டத்துக்கு கொலராடோவுக்கு ஃபிளைட் பிடிச்சுடலாமே?

பிடிக்கலாமே. செப்டம்பர் கடைசியில் ஆஸ்பென் மரங்கள் மலை மலையாகத் தங்க மஞ்சள். ஆனால் அங்கே சிவப்பு குறைவு, மேலும் செப்டம்பரில் கொலராடோ போனவர்களும் நவம்பரில் லாஸ்ட் மேப்பிள்ஸ் வரலாம், இரண்டும் மோதிக்கொள்ளாது.

ட்ரோன்?

கூடாது. டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் மிகச் சிலவற்றைத் தவிர வேறெங்கும் அனுமதியில்லை, லாஸ்ட் மேப்பிள்ஸ் அந்தச் சிலவற்றில் இல்லை. தேசியப் பூங்காவான மெக்கிட்ரிக்கிலும் தடை.

பாஸ் இல்லாம போய்ட்டோம், கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தப் பக்கத்துல வேற என்ன இருக்கு?

அங்கேயே சண்டை போடாமல் 337-ஆம் நம்பர் சாலையைப் பிடித்து லீக்கி பக்கம் ஓட்டுங்கள். டெக்சஸில் வளைந்து வளைந்து மலை ஏறி இறங்கும் சாலைகள் குறைவு, அதில் இது ஒன்று, பைக்காரர்கள் இதற்காகவே வருவார்கள். சரிவுகளில் சுமாக் புதர்களும் ரெட் ஓக்கும் சிவந்திருக்கும். குழந்தைகளுக்கு வாந்தி வரலாம், கவர் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஒதுக்க அகலமான இடம் வந்தால் மட்டும் நிறுத்துங்கள். சாலையின் இரு பக்கமும் தனியார் நிலம், அதுவும் மேலே சொன்ன வேட்டை சீசன், ஒரு படத்துக்காக வேலி தாண்ட வேண்டாம்.

லீக்கியிலிருந்து தெற்கே போனால் ஃபிரியோ ஆற்றங்கரையில் கார்னர் மாநிலப் பூங்கா. நீளமான கரை, வரிசையாகப் பெரிய சைப்ரஸ் மரங்கள், நவம்பரில் அவையும் செம்பு நிறம். இது பெரிய பூங்கா, கோடையில்தான் இங்கே அடிதடி, நவம்பரில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்றாலும் சிக்னல் இருக்கும் இடத்திலேயே பாஸ் எடுத்துவிடுங்கள். திரும்பும்போது இருட்டுவதற்குள் 337-ஐத் தாண்டிவிடுவது நல்லது, அந்தி நேரத்தில் மான்கள் கூட்டமாக ரோட்டைக் கடக்கும், ஒன்று போனதும் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், பின்னாலேயே இன்னும் இரண்டு வரும்.